குளோரெல்லாவுக்கு இன்சுலின் கொடுத்தால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக குளோரெல்லா வளர்க்கிறேன். இன்சுலின், தைராக்ஸின், அட்ரினலின், ஈஸ்ட்ரஜன் மாதிரியான விலங்கு ஹார்மோன்களைப் போட்டால் பாசி செல்கள் வேகமாகப் பெருகுமா? நெட்டில் சிலர் பெருகும் என்கிறார்கள், சிலர் வாய்ப்பே இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?"

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஹார்மோனை ஊற்றினால் பாசியில் ஏதாவது மாறத்தான் செய்யும். எண்ணிக்கை கூடலாம், குறையலாம், பச்சையம் ஏறலாம். அந்த மாற்றம் ஹார்மோன் ஹார்மோனாக வேலை பார்த்ததால் வந்ததா, இல்லை ஊற்றிய பொருள் பாசிக்குச் சாப்பாடாகவோ விஷமாகவோ அமைந்ததால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் படித்த வரையில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. முதல் வகைக்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. ஆனால் அவை இன்சுலினிலோ ஈஸ்ட்ரஜனிலோ இல்லை, வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் ஏற்பியைப் பார்ப்போம், அதாவது ஹார்மோனைப் பிடித்து அதன் செய்தியைச் செல்லுக்குச் சொல்லும் புரதத்தை. ஹார்மோன் என்பது கடிதம் மாதிரி. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் அது செய்தி. மற்ற வீட்டில் வெறும் காகிதம், அடுப்பெரிக்கலாம், பொட்டலம் மடிக்கலாம். ஈஸ்ட்ரஜனைப் படிக்கும் ஏற்பி, செல்லின் உட்கருவில் டிஎன்ஏவோடு ஒட்டி வேலை செய்யும் ஒரு புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால், தைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் ஏற்பிகளும் அதே குடும்பம்தான். இந்தக் குடும்பம் விலங்குகளுக்கே உரியது. செடிகளிலும் பச்சைப்பாசிகளிலும் கிடையாது. இன்சுலினின் ஏற்பி செல் சவ்வில் நிற்கும், டைரோசின் கைனேஸ் என்ற வகை நொதி. பச்சைப்பாசியில் அதுவும் இல்லை. அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பி, சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் வகை. மனித ஜீனோமில் இந்த வகை ஏற்பிகள் மட்டும் 800-ஐ ஒட்டி இருக்கின்றன. கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசியின் ஜீனோம் 2007-ல் வெளியானது. அதில் இந்த மாதிரி அமைப்புள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அட்ரினலின் ஏற்பிக்கு நேர் இணை என்று எதுவும் இல்லை.

சரி, அப்படியானால் கதை முடிந்ததா என்றால், இல்லை. ஏற்பிக்கு உள்ளே இருக்கும் எந்திரம் பாசிக்கும் நமக்கும் பெருமளவு பொது. அட்ரினலின் கல்லீரல் செல்லில் எப்படிச் சர்க்கரையை வெளியே விடவைக்கிறது என்று தேடிப் போன ஏர்ல் சதர்லாண்ட் கண்டுபிடித்தது சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு. 1971-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது அதுதான். அதே சைக்ளிக் ஏஎம்பி கிளாமிடோமோனாஸிலும் இருக்கிறது, அதுவும் சும்மா இல்லை. அந்தப் பாசியில் ஆண், பெண் என்று சொல்லாமல் பிளஸ், மைனஸ் என்று இரண்டு இணைவு வகைகளாகப் பிரிப்பார்கள். இரண்டின் பாலணுக்களும் கசையிழைகளால், அதாவது நீந்த உதவும் வால் போன்ற இழைகளால், ஒன்றையொன்று தொட்டதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி பத்து மடங்கு வரை எகிறுகிறது. உடனே செல்சுவர் கழன்று விழுகிறது, இரண்டும் இணைகின்றன. 1987-ல் இதைக் காட்டியவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சவ்வுக்குள் நுழையக்கூடிய சைக்ளிக் ஏஎம்பி வடிவத்தையும், அது சிதையாமல் காக்கும் ஒரு மருந்தையும் தனியாக இருந்த பாலணுக்களுக்குக் கொடுத்தார்கள். துணையே இல்லாமல் அவை சுவரை உதறிவிட்டு இணைவதற்குத் தயாராகிவிட்டன. கால்சியமும் அப்படித்தான்: கால்சியக் கதவைத் திறக்கும் ஐபி-3 ஏற்பி நிலத்துச் செடிகளில் காணாமல் போய்விட்டது, கிளாமிடோமோனாஸில் இருக்கிறது. ஆக, வாசலில் ஆள் இல்லை, உள்ளே மணி இருக்கிறது. வாசலைச் சுற்றிக்கொண்டு எந்தப் பொருள் போனாலும் மணி அடிக்க வாய்ப்புண்டு. நெட்டில் நீங்கள் பார்த்த குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஏற்பி இல்லை என்பது காகிதத்தில் மட்டும் உள்ள வாதமா, நிஜத் தண்ணீரிலும் அப்படித்தானா? இதற்குக் கனடாவில் ஓர் ஏரியையே வைத்துச் செய்த சோதனை இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 260 என்ற எண் கொண்ட ஏரி. கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரஜனை 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளிலும் அதில் சேர்த்தார்கள். அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம்தான். நகரச் சாக்கடை போய்ச் சேரும் ஆறுகளில் காணக்கூடிய அளவு. கேரன் கிட் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2007-ல் வெளியானபோது பெரிய பேச்சானது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீனில் ஆண்கள் முட்டைக் கருவுக்கான புரதத்தை உற்பத்தி செய்ய ஆரம்பித்தன, இனப்பெருக்கம் குலைந்தது, ஏரியில் அந்த இனம் ஏறக்குறைய துடைத்தெடுத்த மாதிரி ஆனது. ஆனால் உணவுச் சங்கிலியின் அடித்தட்டில், அதே தண்ணீரில் அதே ஹார்மோனில் ஊறிக்கொண்டிருந்த பாசிகளிலும் நுண்ணுயிர்களிலும் நேரடி பாதிப்பு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் தெரியவில்லை. மேலே மீன் குறைந்ததால் கீழே மிதவை விலங்குகளின் கணக்கில் சில மாற்றங்கள் வந்தன. அது மீன் வழியாக வந்த விளைவு. ஏற்பி இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் காட்டுவது இந்த ஏரியைத்தான்.

பாசிக்கு ஈஸ்ட்ரஜன் செய்தி இல்லை. அதற்காகப் பாசி அதைத் தொடாமல் விட்டுவிடும் என்று அர்த்தமில்லை. ஸ்டீராய்டுகள் கொழுப்பில் கரைபவை. சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும், உள்ளேயும் போகும். உள்ளே போனதும் பாசியின் நொதிகள் அதைத் தங்கள் பாணியில் கையாளும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் குளோரெல்லா வல்காரிஸ் வளர்ப்பில் பல ஈஸ்ட்ரஜன்களைப் போட்டுப் பார்த்தார்கள். எஸ்ட்ரடையாலும் எஸ்ட்ரோனும் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறிக்கொண்டே இருந்தன. வெளிச்சத்தில் வைத்தபோது எஸ்ட்ரடையாலில் பாதியளவு வேறொரு பொருளாக மாறிப் போனது. எஸ்ட்ரடையால் வேலரேட் என்ற மருந்து வடிவம் மூன்று மணி நேரத்துக்குள் உடைந்து எஸ்ட்ரடையாலாகி, பிறகு எஸ்ட்ரோனாகிவிட்டது. எத்தினைல் எஸ்ட்ரடையாலோ அவ்வளவாக அசையவில்லை. வேறு சில பச்சைப்பாசிகள் அதன்மேல் ஒரு குளுக்கோஸை ஒட்டிவைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. கழிவுநீரில் உள்ள ஹார்மோன்களைப் பாசிக் குளத்தில் விட்டுக் குறைக்க முடியுமா என்று இன்று பல நாடுகளில் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அடிப்படை இதுதான். இங்கே பாசி, ஹார்மோன் சொல்வதைக் கேட்கவில்லை, ஹார்மோனை உடைக்கிறது.

உங்கள் ப்ராஜெக்டுக்கு இதில் உடனடியாக ஒரு சங்கதி இருக்கிறது: முதல் நாள் போட்ட எஸ்ட்ரடையால் மூன்றாம் நாள் குடுவையில் எஸ்ட்ரடையாலாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

இப்போது நிஜமான பதில் உள்ள இடத்துக்கு வருகிறேன். மெலடோனின். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தது. தவளைத் தோலை வெளுக்கச் செய்யும் பொருள் என்றுதான் முதலில் அறிமுகம். பிறகு இரவின் ஹார்மோன் என்று பெயர் பெற்றது. இருட்டினால் ஏறும், விடிந்தால் இறங்கும். முதுகெலும்பிகளின் மூளைக்குள் இருக்கும் சுரப்பியின் சொத்து என்று முப்பது வருடம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ருடிகர் ஹார்டலாண்ட் குழு 1991-ல் அதை ஒரு கடல் பாசியில் கண்டது. கோன்யாலாக்ஸ் பாலிஎட்ரா என்று அப்போது பெயர், இப்போது லிங்குலோடினியம். ஒற்றைச் செல், இரண்டு கசையிழை, தகடு தகடாகக் கவசம், ராத்திரியில் அலை அடித்தால் நீலமாக மின்னும். அதற்குள்ளும் மெலடோனின் இருட்டியதும் ஏறுகிறது.

இந்தப் பாசியை ஹார்டலாண்ட் சும்மா எடுக்கவில்லை. நாள் கணக்கு வைத்துக்கொள்ளும் உயிர் என்று அது ஏற்கெனவே பெயர் பெற்றது. 1950-களிலேயே வுடி ஹேஸ்டிங்ஸும் பீட்ரிஸ் ஸ்வீனியும் அதன் ஒளிர்வை வைத்து உடல் கடிகார ஆய்வுக்கே அடிப்படை போட்டிருந்தார்கள். பால்ட்சர் என்ற ஆய்வாளரும் ஹார்டலாண்டும் அதே 1991-ல் செய்தது இது: வெப்பநிலையை 15 டிகிரிக்கு இறக்கிப் பகல் பொழுதைக் குறைத்தால் இந்தப் பாசி குளிர்காலம் வருகிறது என்று எடுத்துக்கொண்டு, கவசத்தை உதறி, உருண்டை உறைச்செல்லாகி அடியில் போய் உட்கார்ந்துவிடும். மெலடோனினைத் தண்ணீரில் சேர்த்தால், பகல் அந்த அளவுக்குக் குறுகாதபோதும் அது உறைக்குள் போகிறது. நீண்ட இரவு செய்கிற வேலையை மெலடோனின் செய்துவிடுகிறது. ஆட்டிலும் வெள்ளெலியிலும் பருவகாலத்தைச் சொல்லும் அதே மூலக்கூறு, பாசியிலும் பருவகாலத்தைத்தான் சொல்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

ஆனால் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மெலடோனினைவிட வீரியமாக வேலை செய்தது அதன் நெருங்கிய உறவான 5-மெத்தாக்ஸிட்ரிப்டமைன். மெலடோனினிலிருந்து அசிட்டைல் துண்டைக் கழற்றினால் கிடைப்பது. அந்தப் பாசியே அப்படிக் கழற்றுகிறது. இந்தப் பொருள் செல்லுக்குள் இருக்கும் வேக்யூல் என்ற பையில் சேர்த்து வைத்திருக்கும் அமிலத்தை, அதாவது புரோட்டான்களை, செல் சாறுக்குள் திறந்துவிடுகிறது. செல்லுக்குள் புளிப்பேறுகிறது. லூசிஃபெரேஸ் என்ற ஒளிர் நொதி பிஎச் 8-ல் தூங்கிக்கொண்டிருக்கும், 6-ஐ ஒட்டி இறங்கினால் விழித்துக்கொள்ளும். அந்த நொதி எரித்து ஒளியாக்கும் லூசிஃபெரின் என்ற பொருளைப் பிடித்து வைத்திருக்கும் புரதமும் அதே புளிப்பில் பிடியை விடும். உடனே மின்னல். அந்தப் புளிப்பேறுதல்தான் உறைச்செல்லாகும் பாதையையும் தட்டிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். ஆக, மெலடோனின் என்ற பெயர் ஒன்றுதான், படிக்கும் முறை வேறு. நம் உடம்பில் சவ்விலுள்ள ஏற்பி வழியாக. அங்கே அமிலக் கதவு வழியாக. (2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ராத்திரி அலைகள் நீலமாக மின்னியது ஞாபகமிருக்கிறதா? அது நாக்டிலூக்கா, இதன் தூரத்துச் சொந்தம். வேக்யூலிலிருந்து வரும் அமிலம் ஒளியைத் தூண்டும் ஏற்பாடு அதற்கும் உண்டு.)

அளவையும் பாருங்கள். பால்ட்சரின் சோதனையில் மெலடோனின் 100 மைக்ரோமோலார் அளவுக்குப் போனது. நடுராத்திரியில் நம் ரத்தத்தில் மெலடோனின் மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் என்று வைத்தால், அது அரை நானோமோலாருக்கும் குறைவு. இரண்டு லட்சம் மடங்கு வித்தியாசம். பொதுவாக இவ்வளவு ஊற்றி ஒரு விளைவைக் காட்டினால் நான் நம்ப மாட்டேன். இந்தப் பாசி விஷயத்தில் கொஞ்சம் இளகக் காரணம், அது தானே மெலடோனினைத் தயாரிக்கிறது, குளிரில் அதன் அளவு பல மடங்கு கூடுகிறது, கூடும் நேரமும் உறையாகும் நேரமும் பொருந்துகின்றன. வெளியிலிருந்து ஊற்றியதன் விளைவு, உள்ளே இயல்பாக நடப்பதோடு ஒத்துப்போகிறது. இந்தப் பொருத்தம் இன்சுலினுக்கும் குளோரெல்லாவுக்கும் கிடையாது.

இன்றைக்கு மெலடோனினைப் பாசி வளர்ப்புத் தொழிலிலும் ஊற்றிப் பார்க்கிறார்கள். ஹீமடோகாக்கஸ் என்ற பாசியில் சிவப்பு நிறமியான அஸ்டாசாந்தினைக் கூட்டுவதற்காக, சீனாவின் குன்மிங்கில் நிறைய நடந்திருக்கிறது. அதில் ஹார்மோன் வேலை எவ்வளவு, வெறும் ஆன்டிஆக்சிடன்ட் வேலை எவ்வளவு என்பது எளிதில் பிரியாது. ஏனென்றால் மெலடோனின் இரண்டும்தான்.

ஓர் உண்மையான பாசி ஹார்மோன் எவ்வளவு குறைவில் வேலை செய்யும் தெரியுமா? வால்வாக்ஸ் என்ற பச்சைப்பாசியில் பாலுறவு நிலையைத் தூண்டும் கிளைக்கோபுரதத்தை, அதாவது சர்க்கரை ஒட்டிய புரதத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ஸ்டாரும் லோதர் யெனிக்கேயும் ஆராய்ந்தது. மில்லிலிட்டருக்கு வெறும் 60,000 மூலக்கூறுகள் இருந்தால் போதும். 10 மைக்ரோமோலார் மெலடோனின் என்றால் அதே மில்லிலிட்டரில் 6-க்குப் பின்னால் 15 சுழியம். ஹார்மோன் என்ற பட்டத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்தது எனக்குப் பிடித்த கதை, இதுவும் கிளாமிடோமோனாஸ்தான். ஆக்ஸிடோசின், வாசோபிரெசின் மாதிரியான பெப்டைட் ஹார்மோன்கள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலிகள், முதலில் நீளமான புரதமாக உருவாகும், பிறகு வெட்டப்படும், கடைசியில் வால் முனையில் ஓர் அமைடு தொங்கல் போடப்படும். நம் பெப்டைட் ஹார்மோன்களில் ஏறக்குறைய பாதிக்கு அந்தத் தொங்கல் இல்லாவிட்டால் வேலையே நடக்காது. அதைப் போடும் நொதிக்கு செம்பும் வைட்டமின் சியும் வேண்டும். பெட்டி ஐப்பரும் ரிச்சர்ட் மெய்ன்ஸும் பல வருடம் பிட்யூட்டரி சுரப்பியில் இந்த நொதியைத் துருவியவர்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கசையிழை நிபுணர் ஸ்டீபன் கிங்கோடு சேர்ந்து அவர்கள் அதே நொதியை கிளாமிடோமோனாஸில் பிடித்தார்கள். மூளையும் நரம்பும் இல்லாத, சுமார் 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல்லில் பெப்டைட் ஹார்மோனுக்குத் தொங்கல் போடும் கருவி என்ன செய்கிறது? 2017-ல் அந்த நொதியைக் குறைத்துப் பார்த்தார்கள். கசையிழையே ஒழுங்காக முளைக்கவில்லை. 2019-ல் கதை இன்னும் கொஞ்சம் தெளிந்தது. பாலணுக்கள் இணையும்போது கசையிழையிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் உதிர்கின்றன. அவற்றில் ஒரு முன்னோடிப் புரதமும், அதை வெட்டும் நொதியும், தொங்கல் போடும் நொதியும் இருக்கின்றன. விளைபொருளாக வருவது கிளைசின், அலனின், த்ரியோனின், ஐசோலியூசின் என்று முடிந்து அமைடு தொங்கும் பெப்டைட். அதைச் செயற்கையாகத் தயாரித்து வைத்தபோது மைனஸ் பாலணுக்கள் அதை நோக்கி நீந்தின, பிளஸ் பாலணுக்கள் விலகிப் போயின.

அதாவது ஹார்மோன் தயாரிக்கும் பட்டறை விலங்குகளுக்கு வெகுமுன்னமே இருந்திருக்கிறது. விலங்குகள் அந்தப் பட்டறையை எடுத்துக்கொண்டு புதுப்புதுப் பொருள் செய்தன. "விலங்கு ஹார்மோன் பாசியில் வேலை செய்யுமா" என்ற உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்வது இதனால்தான். பாசிக்கும் விலங்குக்கும் பொதுவானது பெரும்பாலும் தயாரிக்கும் கருவியும் உள் எந்திரமும்தான். செய்தியும் ஏற்பியும் பொதுவாக இருப்பது அபூர்வம்.

இன்சுலினுக்கு வருவோம், அதைத்தானே முதலில் கேட்டீர்கள். "ஒற்றைச் செல் உயிரியிலும் இன்சுலின் இருக்கிறது" என்ற வரி நெட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் வேர் 1980. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் டெரெக் லெராய்த், ஜெஸ்ஸி ராத் குழு டெட்ராஹைமெனாவிலும் இரண்டு பூஞ்சைகளிலும் இன்சுலின் போன்ற பொருள் இருப்பதாக வெளியிட்டது. டெட்ராஹைமெனா பாசி இல்லை, சிலியா கொண்ட வேட்டையாடி. ஆனால் எல்லாக் கட்டுரையிலும் அதையும் பாசிப் பக்கம் தள்ளிவிடுவார்கள். புடாபெஸ்டில் ஜார்ஜ் சாபா அதே உயிரிக்கு ஒருமுறை ஹார்மோன் கொடுத்தால் அதன் பல தலைமுறை வாரிசுகள்கூட ஹார்மோனுக்கு வேறு மாதிரி பதில் சொல்கின்றன என்று எழுதி, அதற்கு இம்ப்ரின்டிங் என்று பெயரும் வைத்தார். இதெல்லாம் பெரிய ஆர்வத்தைக் கிளப்பியது. சிக்கல், கண்டுபிடித்த முறையில் இருந்தது. ஆன்டிபாடியை வைத்து ஹார்மோனை அளக்கும் ரேடியோஇம்யூனோஅஸ்ஸே என்ற முறை, ரோசலின் யாலோவுக்கு 1977-ல் நோபல் வாங்கித் தந்த அருமையான முறைதான். ஆனால் ஆன்டிபாடி பிடித்தது இன்சுலினையா, இன்சுலின் சாயலுள்ள வேறு புரதத்தையா என்று அது தனியாகச் சொல்லாது. வளர்ப்பு ஊடகத்தில் மாட்டிறைச்சியிலிருந்து வந்த பெப்டோன் என்ற புரதச் சத்து இருந்தால் ஹார்மோன் துணுக்கு அதிலிருந்தே வரலாம். பிறகு ஜீனோம்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது விலங்கு இன்சுலினின் ஜீனுக்கு நேர் இணையானது அங்கே அகப்படவில்லை. கிளாமிடோமோனாஸ் பெப்டைடு கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அங்கே ஜீன், நொதி, பெப்டைட், விளைவு எல்லாம் வரிசையாகக் கையில் இருக்கிறது.

எதிர்த் திசையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே ஆதாரம் பலமாக இருக்கிறது. பாசியின் ஹார்மோன் விலங்கின்மேல் வேலை செய்யும். கடல் முள்ளெலியின் லார்வா பாசியைத் தின்றுதான் வளர்கிறது. அந்தப் பாசியோடு தைராய்டு ஹார்மோனும் உள்ளே போகிறது, அது உருமாற்றத்தை முடுக்கிவிடுகிறது என்று 1990-களில் ஜப்பானிலும், பிறகு ஆண்ட்ரியாஸ் ஹேலாண்ட் ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. தலைப்பிரட்டை தவளையாவதும் தைராய்டு ஹார்மோனால்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு உதாரணம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணக் கடலோரத்தில் படரும் உல்வேரியா ஒப்ஸ்கியூரா. ஒரே ஒரு செல் தடிமனுள்ள பச்சைத் தாள் மாதிரி இருக்கும். அதன் உலர் எடையில் 4 சதவீதத்துக்கு மேல் டோபமைன். நம் மூளையில் இவ்வளவு கவனமாகத் துளித்துளியாகச் செலவாகும் பொருளை இது மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. எதற்கு? கடித்துத் தின்ன வருகிறவற்றை விரட்ட. கேத்ரின் வான் ஆல்ஸ்டைன் குழு 2006-ல் இதைக் காட்டியது. வெயிலில் காய்ந்து மறுபடி நனைந்தால் அந்த டோபமைன் வெளியே கசிந்து, ஆக்சிஜன் பட்டு, தண்ணீரையே கருக்க வைக்கிறது. பாசிக்கு டோபமைன் செய்தியும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஆயுதம்.

இந்தக் கருக்கும் வேதியியல் உங்கள் குடுவையிலும் நடக்கும். இனி ப்ராஜெக்ட் பற்றி.

அட்ரினலினைக் குளோரெல்லா வளர்ப்பில் ஊற்றாதீர்கள் என்பது என் முதல் யோசனை. நன்றாக வளரும் பாசி கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொள்வதால் ஊடகத்தின் பிஎச் 9-க்கு மேலே போய்விடும். வெளிச்சம், காற்றோட்டம், காரத்தன்மை மூன்றும் சேர்ந்தால் அட்ரினலின் நிற்காது. ரோஜா நிறமாகும், அது அட்ரினோகுரோம், பிறகு பழுப்பாகும். வழியில் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகும். பாசி குறைந்தால் பெராக்சைடால் குறைந்ததா? ஒளியடர்த்தி கூடினால் பாசி பெருகியதா, பழுப்பு நிறம் கூடியதா? ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். எதைப் போட்டாலும் ஹீமோசைட்டோமீட்டரில் செல்லை எண்ணிவிடுங்கள். கண் வலிக்கும், ஆனால் பொய் சொல்லாது.

இன்சுலின் விஷயத்தில் நிறையப் பேர் மெடிக்கல் ஷாப்பில் குப்பி வாங்கி வந்து ஊற்றிவிடுகிறார்கள். அந்தக் குப்பியில் இன்சுலினைவிடப் பல மடங்கு கிளிசரால் இருக்கிறது. குளோரெல்லா கிளிசராலைச் சாப்பிட்டு வளரும். கூடவே கெட்டுப் போகாமலிருக்க மெட்டாகிரிசால், அது பாசிக்கு விஷம்; கொஞ்சம் துத்தநாகம். கொஞ்சமாக ஊற்றினால் கிளிசரால் வளர்த்துவிடும், அதிகமாக ஊற்றினால் கிரிசால் கொன்றுவிடும். கிராஃப் வரைந்தால் அழகான மணி வடிவம் வரும், "குறைந்த அளவில் தூண்டுகிறது, அதிக அளவில் தடுக்கிறது" என்று ஒரு முடிவும் எழுதலாம். இன்சுலினுக்கு அதில் பங்கே இருக்காது. தைராக்ஸின் மாத்திரையும் அப்படித்தான்: 100 மைக்ரோகிராம் மருந்து, மிச்சமெல்லாம் லாக்டோஸோ ஸ்டார்ச்சோ. லேப் தரத்திலான தூய பொருளை வாங்குங்கள். அப்படி வாங்கினாலும், அதே எடைக்கு ஆல்புமின் மாதிரி ஹார்மோன் அல்லாத புரதத்தை ஒரு குடுவையிலும், கொதிக்கவைத்து உருக்குலைத்த இன்சுலினை இன்னொரு குடுவையிலும் போடுங்கள். மூன்றிலும் ஒரே வளர்ச்சி வந்தால், பாசி சாப்பிட்டது நைட்ரஜனை.

ஈஸ்ட்ரஜன்தான் வேண்டுமென்றால், அது தண்ணீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் மட்டுமே கரையும் என்பதை மறக்க வேண்டாம். அதற்கு மேல் போட்டது படிகமாக அடியில் கிடக்கும். கரைக்க எத்தனாலோ டிஎம்எஸ்ஓவோ தேவைப்படும், லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் கரைப்பான் மட்டும் போட்ட குடுவை கட்டாயம் இருக்கட்டும். சர்வதேச அளவில் பின்பற்றும் ஓஈசிடி 201 சோதனை முறை 72 மணி நேரம்தான், ஆரம்பத்தில் மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் செல்லை ஒட்டித் தொடங்குவார்கள். அந்த அளவில் தொடங்கினால் பிஎச் ஏறும் தொல்லையும் குறையும். வளர்ப்பில் பாக்டீரியா இருக்கிறதா என்று ஒரு தட்டில் தீற்றிப் பாருங்கள். ஹார்மோனை முதலில் தின்னப்போவது அதுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் குளோரெல்லாவையே விட்டுவிடுவேன். தடித்த சுவர், கசையிழை இல்லை, கண்ணுக்குத் தெரியும் நடத்தை என்று ஒன்றும் இல்லை. பெருகுவதை மட்டும்தான் அளக்கலாம், பெருகுவதற்கோ ஆயிரம் காரணம் உண்டு. கிளாமிடோமோனாஸ் எடுங்கள். செல்சுவர் இல்லாத சிடபிள்யூ-15 என்ற ரகம் சேகரிப்பு மையங்களில் கிடைக்கும், பெரிய மூலக்கூறு சவ்வைத் தொடுமா என்ற சந்தேகமே இல்லாமல் போய்விடும். நீந்தும் வேகம், வெளிச்சத்தை நோக்கித் திரும்புவது, இவையெல்லாம் நிமிடக் கணக்கில் பதில் சொல்லும். சாப்பாட்டால் வரும் மாற்றம் அவ்வளவு சீக்கிரம் வராது, ஏற்பி வழியாக வருவது வரும். மெலடோனினையும் 5-மெத்தாக்ஸிட்ரிப்டமைனையும் நானோமோலாரில் தொடங்கி நூறு மைக்ரோமோலார் வரை பத்துப் பத்து மடங்காக ஏற்றிப் பாருங்கள். பக்கத்தில் அஸ்கார்பிக் அமிலம் மாதிரி சாதாரண ஆன்டிஆக்சிடன்ட் ஒன்றையும் அதே அளவுகளில் ஓட்டுங்கள். நானோமோலாரில் ஏதாவது தெரிந்தால் கைடிடம் உடனே காட்டுங்கள். நூறு மைக்ரோமோலாரில் மட்டும் தெரிந்து, அஸ்கார்பிக் அமிலமும் அதையே செய்தால், ரிசல்ட் பகுதியில் அதை அப்படியே எழுதுங்கள். அதுவும் நல்ல ப்ராஜெக்ட்தான், வைவாவில் யாரும் குறை சொல்ல முடியாது.